கடல் படிந்த கல்: அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லின் வரலாறு

சுண்ணாம்புக்கல் ஒரு படிவுப்பாறை. அதன் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட் என்னும் ஒரே சேர்மத்தால் ஆனது. இச்சேர்மம் இயற்கையில் பெரும்பாலும் கால்சைட், அரகோனைட் என்னும் இரண்டு கனிமங்களாகக் கிடைக்கிறது. தூய சுண்ணாம்புக்கல் வெண்மையாக இருக்கும். களிமண் கலந்தால் சாம்பல் நிறமும், இரும்பு கலந்தால் மஞ்சளோ செம்மையோ ஏறும். இரும்புக் கத்தியால் கீறினால் கோடு விழும் அளவுக்கு மென்மையான கல் இது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு விட்டால் அந்த இடத்தில் நுரை பொங்கும். கல்லிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதால் எழும் நுரை அது. பாறைகளைத் தேடிச் செல்லும் நிலவியலாளர்கள் சுண்ணாம்புக்கல்லை அடையாளம் காண இன்றும் இந்த முறையையே கையாள்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்தக் கல் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. திருநெல்வேலியை அடுத்த தாழையூத்து, கோவையை அடுத்த மதுக்கரை, சேலம் மாவட்டத்தின் சங்ககிரி ஆகிய இடங்களில் கிடைப்பது மிகப் பழமையானது. பூமியின் ஆழத்தில் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆட்பட்டு, பளிங்கைப் போலப் படிகமாக மாறிவிட்டது. அதில் பழைய உயிர்களின் சுவடு எதுவும் மிஞ்சவில்லை. அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டங்களில் கிடைப்பதோ உருமாறாத கடற்படிவு. அதில் சிப்பியும் நத்தையும் பவளமும் கண்ணுக்குத் தெரியும்படி பதிந்திருக்கின்றன. ஒரு கடல் எப்படிக் கல்லானது என்பதையும், அந்தக் கல்லைத் தமிழர் எப்படிப் பயன்படுத்தினர் என்பதையும் ஒருசேர அறிய அரியலூரைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் இல்லை.

கல் பிறக்கும் விதம்

சுண்ணாம்புக்கல்லின் கதை மழையில் தொடங்குகிறது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு விழும் மழைநீர் மெல்லிய அமிலமாகிறது. அது நிலத்துப் பாறைகளைச் சிறுகச் சிறுக அரித்து, அவற்றிலுள்ள கால்சியத்தைக் கரைத்து ஆறுகளின் வழியே கடலுக்குக் கொண்டுபோகிறது. கடலில் வாழும் சிப்பி, நத்தை, பவளம், கடல்முள்ளெலி, சுண்ணாம்பு சேர்க்கும் பாசி வகைகள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஆகியவை அந்தக் கால்சியத்தை நீரிலிருந்து எடுத்து ஓடும் கூடும் கட்டிக்கொள்கின்றன. அவை இறந்தபின் சதை அழிந்துவிடும். ஓடுகள் கடலடியில் தங்கும். அலை அவற்றை நொறுக்கி மணலாகவும் சேறாகவும் ஆக்கும். உயிர்களின் துணையின்றி நேரடியாகவும் கால்சியம் கார்பனேட் படிவதுண்டு. வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் உருளும் சிறு துகள்களின்மேல் அது படலம் படலமாகப் படிந்து, மீன்முட்டை போன்ற உருண்டைகளாகத் திரளும்.

எல்லாக் கடலிலும் இது நிகழ்வதில்லை. குளிர்ந்த நீர் அதிகமான கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதில் கால்சியம் கார்பனேட் எளிதில் கரைந்துவிடும். வெப்பமண்டலத்தின் ஆழமற்ற கடலில் கரைசல் செறிவாக இருக்கும். வெயில் அடிவரை இறங்குவதால் பாசியும் பவளமும் செழிக்கும். நான்கு, ஐந்து கிலோமீட்டருக்கும் கீழான ஆழ்கடலில் அழுத்தமும் குளிரும் மிகுந்திருப்பதால், மேலிருந்து விழும் ஓடுகள் அடியில் நிலைக்காமல் கரைந்துபோகின்றன. இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஆறுகள் சேற்றைக் கொட்டும் இடத்தில் தூய சுண்ணாம்புக்கல் உருவாகாது. வண்டல் வந்து சேர்ந்தால் ஓடுகள் அதில் புதைந்து களிமண் பாறையாகவோ மணற்பாறையாகவோ முடியும். தெளிந்த நீர் நெடுங்காலம் நிலைத்த இடத்தில்தான் சுண்ணாம்புக்கல் கனமாகப் படியும்.

படிந்த ஓட்டுக்குவியல் உடனே கல்லாகிவிடாது. மேலே புதிய படிவுகள் ஏற ஏற, கீழுள்ளவை நெருங்கி நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. இடுக்குகளில் ஊறும் நீரிலிருந்து கால்சைட் படிகங்கள் விளைந்து துகள்களை ஒன்றோடொன்று பிணைக்கின்றன. ஓடுகளில் இருந்த அரகோனைட் மெல்லக் கரைந்து, உறுதியான கால்சைட்டாக மாறுகிறது. சில இடங்களில் மெக்னீசியம் நுழைந்து டோலமைட் பாறை உண்டாகிறது. இந்த மாற்றங்கள் முடியச் சில ஆயிரம் ஆண்டுகள் முதல் பல லட்சம் ஆண்டுகள் வரை ஆகலாம்.

கடலுக்கு வெளியிலும் சுண்ணாம்பு படிவதுண்டு. குகைகளில் சொட்டும் நீரும், சில ஊற்றுகளும் அதைப் படலமாக விட்டுச் செல்கின்றன. வறண்ட நிலங்களில் மண்ணுக்குள் ஏறி இறங்கும் ஈரம் முடிச்சு முடிச்சாகச் சேர்க்கும் கல்லே சுக்காங்கல். தமிழகத்தின் கரிசல் நிலங்களிலும் ஆற்றங்கரைகளிலும் இது பரவலாகக் கிடைக்கிறது. பழைய காலத்துச் சுண்ணாம்புக்குக் கடற்கிளிஞ்சலும் சுக்காங்கல்லுமே முக்கிய மூலப்பொருள்களாக இருந்தன.

அரியலூரில் கடல் இருந்த காலம்

கிரெட்டேசியக் காலம் என்று நிலவியலாளர் குறிப்பது இன்றைக்குச் சுமார் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம். அதன் முற்பகுதியில் இந்திய நிலப்பரப்பு, அண்டார்டிகாவும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்திருந்த கோண்டுவானாப் பெருங்கண்டத்திலிருந்து பிரிந்தது. பிரிந்தபோது கிழக்கு விளிம்பில் நிலம் பிளந்து தாழ்ந்தது. அந்தத் தாழ்வுகளில் ஒன்று காவிரிப் படுகை. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் அதற்குள் புகுந்து, இன்றைய திருச்சி மாவட்டத்தின் கிழக்குப் பகுதி வரை பரவியது. மேற்கே இருந்த கரை நைஸ் என்னும் பழமையான உருமாறிய பாறையால் ஆனது. கடல் படிவுகள் அந்தப் பாறைமேல் நேராகப் படிந்திருப்பதைப் பல இடங்களில் இன்றும் காணலாம்.

கடல் ஒருமுறை வந்து ஒரே நிலையில் நிற்கவில்லை. பலமுறை முன்னேறியும் பின்வாங்கியும் இருந்தது. அதனால் இப்பகுதியின் படிவுகளை நிலவியலாளர் நான்கு தொகுதிகளாகப் பிரிக்கின்றனர். அடியில் உள்ளது ஊட்டத்தூர்த் தொகுதி. கல்லக்குடியில் வெட்டப்படும் பவள, பாசிச் சுண்ணாம்புக்கல் இத்தொகுதியின் கீழ்ப்பகுதியைச் சேர்ந்தது. தெளிந்த ஆழமற்ற நீரில் பவளமும் பாசியும் கட்டிய திட்டுகளே அவ்வாறு கல்லாயின. அதற்குமேல் நீர் ஆழமாகி, வண்டல் மிகுந்தது. காரை என்னும் ஊரையொட்டி மழைநீர் அரித்த மேடுபள்ளங்களில் தெரியும் களிமண் படிவுகள் அக்காலத்தவை. அவற்றினூடே ஜிப்சம் பட்டை பட்டையாக ஓடுகிறது. கணவாய் மீனின் பழைய உறவினங்களான பெலம்னைட்டுகளின் கூரிய உள்ளோடுகளும் அங்கே சிதறிக் கிடக்கின்றன.

இரண்டாவது, திருச்சிராப்பள்ளித் தொகுதி. இதில் மணலும் சிப்பிப் படிவுகளும் மாறி மாறி வருகின்றன. கருடமங்கலத்தில் கிடைக்கும் சிப்பிச் சுண்ணாம்புக்கல் இதற்கு உரியது. கரிய பின்னணியில் வெள்ளைச் சிப்பிகள் நெருக்கமாக அடைந்து கிடக்கும் அந்தக் கல்லைத் தேய்த்து மெருகேற்றினால் சலவைக்கல்லைப் போல ஒளிரும். ஆங்கிலேயர் காலத்தில் அது ‘திருச்சிராப்பள்ளி மார்பிள்’ என்ற பெயரில் அலங்காரக் கல்லாகப் பயன்பட்டது. கடலில் அடித்துவரப்பட்ட மரங்களும் இக்காலப் படிவுகளில் கல்லாகியுள்ளன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரத்தை 1940இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் அறிவியல் உலகுக்கு அறிவித்தார். அது இன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது.

மூன்றாவது, அரியலூர்த் தொகுதி. இதன் நடுவே வரும் கல்லங்குறிச்சிப் படிவுதான் இப்பகுதியின் பெருஞ்செல்வம். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வண்டல் குறைந்து நீர் தெளிந்த காலத்தில், தடித்த ஓடுகொண்ட சிப்பியினங்கள் இங்கே மேடு மேடாகப் பெருகின. உள்ளங்கையளவு ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் அந்தச் சிப்பித் திட்டுகளே சிமென்ட் ஆலைகளுக்குத் தீனியாகும் சுண்ணாம்புக்கல். இத்தொகுதியின் உச்சியில் கல்லமேட்டுப் படிவு வருகிறது. கடல் பின்வாங்கி ஆறுகள் ஓடியபோது சேர்ந்த மணலும் களிமண்ணும் அது. அதில் டைனோசர் எலும்புகள் கிடைத்தன. அவற்றின் அடிப்படையில் 1987இல் யாதகிரி, அய்யாசாமி என்னும் ஆய்வாளர்கள் ப்ருஹத்காயோசாரஸ் என்னும் பேருருவ விலங்கை விவரித்தனர். அந்த எலும்புகள் பின்னாளில் சிதைந்துபோயின.

நான்காவது, நின்னியூர்த் தொகுதி. கடல் மீண்டும் வந்து பாசிச் சுண்ணாம்புக்கல்லைப் படியவிட்ட காலம் இது. அதற்குள் உலகெங்கும் பேரழிவு நிகழ்ந்து முடிந்திருந்தது. கீழ்ப்படிவுகளில் வண்டிச் சக்கரம்போல் பெருத்துக் கிடக்கும், சுருள் ஓடுகொண்ட கடலுயிர்களான அம்மோனைட்டுகள் நின்னியூரில் ஒன்றுகூட இல்லை. அவற்றின் தூரத்து உறவினமான நாட்டிலஸ் வகை மட்டும் பிழைத்து அங்கே காணப்படுகிறது. டைனோசர்களோடு அம்மோனைட்டுகளும் மறைந்த அந்த எல்லையைச் சில கிலோமீட்டர் நடையில் கடந்துவிடக்கூடிய நிலம் அரியலூர். உலகின் தொல்லுயிரியலாளர் இந்த வட்டாரத்தைப் பெரிதாக மதிப்பதற்கு இதுவே காரணம்.

படிவுகளைப் படித்தவர்கள்

இந்தச் சிப்பிகள் அறிவியலின் கவனத்துக்கு வந்தது 1840களில். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய கே, கன்லிஃப் என்னும் இரு ஆங்கில அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் தொல்லுயிர் எச்சங்களைத் திரட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினர். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து வெளியிட்டார். ஐரோப்பாவின் கிரெட்டேசியப் படிவுகளோடு தென்னிந்தியப் படிவுகளை ஒப்பிடும் வழி அதனால் திறந்தது.

முறையான நில அளவையை மேற்கொண்டவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு. தென்னார்க்காடு, திருச்சி மாவட்டங்களின் பாறைகளைப் பற்றி 1862இல் வெளிவந்த அவருடைய நூலில்தான் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் பிரிவுகள் நிலைபெற்றன. இந்தச் சிற்றூர்களின் பெயர்கள் உலக நிலவியல் நூல்களில் ஏறியது அப்போதுதான். பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானவரும் இவரே.

சேகரித்த உயிரினங்களை இனம் பிரித்து விவரிக்கும் பெரும்பணியை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா செய்தார். மொராவியாவில் பிறந்த இவர், தென்னிந்தியாவின் கிரெட்டேசிய உயிரினங்களைப் பற்றிய தொகுதிகளை 1863 முதல் 1873 வரை வெளியிட்டார். அம்மோனைட், நத்தை, சிப்பி என ஒவ்வொரு வகையையும் நுணுக்கமான படங்களோடு பதிவு செய்தார். அடுத்த ஆண்டே, மத்திய ஆசியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தார். அரியலூர்ப் படிவுகளை ஆராய்வோர் இன்றும் அவருடைய தொகுதிகளைப் புரட்டியே தொடங்குகிறார்கள்.

காளவாயும் காரையும்

நிலவியலாளர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழகத்தில் சுண்ணாம்பு சுடும் தொழில் வேரூன்றியிருந்தது. கடலோரத்தில் பழவேற்காடு முதல் வேதாரண்யம் வரை கிளிஞ்சலைச் சுட்டனர். உள்நாட்டில் சுக்காங்கல்லையும் சுண்ணாம்புக்கல்லையும் சுட்டனர். கிளிஞ்சல் சுண்ணாம்பு வெண்மைக்கும் மெருகுக்கும், கற்சுண்ணாம்பு சுவர்க் கட்டுக்கும் என்று கொத்தர்கள் பிரித்து வைத்திருந்தனர்.

தொழிலின் அடிப்படை எளியது. வட்டமாகச் சுவர் எழுப்பிய காளவாயில் விறகோ கரியோ ஓர் அடுக்கு, கல்லோ கிளிஞ்சலோ ஓர் அடுக்கு என மாற்றி மாற்றி நிரப்பித் தீ மூட்டுவார்கள். சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கால்சியம் கார்பனேட் சிதைந்து, கார்பன் டை ஆக்சைடு வெளியேற, சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். தூய கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுண்ணாம்புதான் கிடைக்கும். மீதி 44 கிலோ காற்றோடு போய்விடும். சுட்ட கல் எடை குறைந்திருப்பதை வைத்தே வேக்காடு சரியா என்று அறியலாம். அதன்மேல் நீர் தெளித்தால் சூடேறி ஆவி கிளம்பி, கல் பொரிந்து மாவாக உதிரும். இதுவே நீற்றுதல். நீற்றிய சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினால், நீர் உலர்ந்தபின் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல உறிஞ்சி, மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகும். கடலில் கல்லானது, காளவாயில் பொடியாகி, சுவரில் மறுபடி கல்லாகிறது.

இந்த வேதியியலைப் பெயர் சொல்லி அறியாவிட்டாலும், அதன் ஒவ்வொரு படியையும் கொத்தர்கள் கையால் அறிந்திருந்தனர். நீற்றிய சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்தனர். மணலோடு சேர்த்துத் தொட்டியில் அரைத்தனர். கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய நீரை ஊற்றிக் குழைத்தனர். அந்த நீர் சாந்தின் பிடிப்பைக் கூட்டி வெடிப்பைக் குறைத்தது. கோபுரங்களின் சுதைச் சிற்பங்கள் இந்தக் கலவையில் உருவானவை. மதுரையில் 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் பருத்த தூண்களும் வளைவுகளும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டி, மேலே சுதை பூசி மெருகேற்றியவை. செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு கலந்த இறுதிப் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கினர். சென்னையில் குடியேறிய ஐரோப்பியர் இந்தப் பூச்சைச் சலவைக்கல் என்றே மயங்கும் அளவுக்கு வியந்து எழுதியுள்ளனர்.

சுண்ணாம்பு வீட்டுச் சுவரோடு நிற்கவில்லை. வெற்றிலைக்குத் தடவவும், தோல் பதனிடும்போது மயிரை நீக்கவும், கரும்புச்சாற்றைத் தெளியவைக்கவும் பயன்பட்டது. நீருக்குள் நிற்கும் கட்டுமானத்துக்கு வெறும் சுண்ணாம்பு போதாது. அதற்குச் சுட்ட செங்கல் பொடியான சுர்க்கியைச் சேர்த்தனர். செங்கல் பொடியிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து, காற்றின் உதவியின்றி நீருக்குள்ளேயே இறுகும் சாந்தைத் தருகின்றன. ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை இந்தச் சுண்ணாம்பு, சுர்க்கிக் கலவையின் உறுதிக்குப் பெரும் சான்று.

சிமென்ட் வந்த பிறகு

சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்து மிகுந்த வெப்பத்தில் சுட்டால், சுர்க்கியின் துணையின்றித் தானே நீரில் இறுகும் பொடி கிடைக்கும். இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இறுகியபின் அது போர்ட்லாந்து தீவின் சுண்ணாம்புக்கல்லை ஒத்திருந்ததால் போர்ட்லாந்து சிமென்ட் எனப் பெயரிட்டார். பின்வந்தவர்கள் சூளையின் வெப்பத்தைச் சுமார் 1,450 டிகிரி வரை உயர்த்தி இன்றைய சிமென்டை உருவாக்கினர்.

இந்தியாவில் சிமென்ட் செய்யும் முதல் முயற்சி 1904இல் சென்னையில் நடந்தது. அதற்கும் கடற்கிளிஞ்சலே மூலப்பொருள். அந்த முயற்சி நீடிக்கவில்லை. ஆலைக்கு வேண்டிய அளவு கல் ஓரிடத்தில் குவிந்திருக்க வேண்டும், அதை ஏற்றிச் செல்ல ரயில் பாதையும் வேண்டும் என்பது பிறகு தெளிவாயிற்று. விழுப்புரத்திலிருந்து அரியலூர் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் ரயில் பாதை, பழைய கடற்படிவுகளின் ஊடே ஓடுகிறது. அந்தப் பாதையில் கல்லக்குடி அருகே டால்மியா குழுமம் 1939இல் சிமென்ட் ஆலையைத் தொடங்கியது. ஆலையை ஒட்டி வளர்ந்த ஊருக்கு டால்மியாபுரம் என்ற பெயர் வந்தது. அதை மாற்றிக் கல்லக்குடி என்றே வழங்க வேண்டும் எனக் கோரி 1953 ஜூலையில் திராவிட முன்னேற்றக் கழகம் நடத்திய போராட்டத்தில் மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்துக் கைதானார். சுண்ணாம்புக்கல் சார்ந்த ஓர் ஆலை தமிழக அரசியல் வரலாற்றிலும் இடம்பெற்றது அப்படித்தான்.

1976இல் தமிழ்நாடு சிமென்ட் கழகம் அமைந்தது. அதன் அரியலூர் ஆலை 1979இல் இயங்கத் தொடங்கியது. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் தனியார் ஆலைகள் பல வந்தன. 2007இல் தனி மாவட்டமாக மீண்டும் உருவான அரியலூர், தமிழகத்தின் சிமென்ட் நகரமாக அறியப்பட்டது. ஒரு டன் சிமென்டுக்குச் சுமார் ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் தேவை. அதனால் ஆலைகள் கல் கிடைக்கும் இடத்தைவிட்டு விலகுவதில்லை. கூலி வேலையும் லாரித் தொழிலும் பெருகின. ஊர்ச் சாலைகளில் தூசும் பெருகியது. காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த கொத்தர்கள் குறைந்தனர். இன்று பழைய கோயில்களையும் அரண்மனைகளையும் பழுதுபார்க்கும்போது மட்டும் அந்த அறிவு தேடப்படுகிறது. சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் உள்ளிருந்து உதிர்வதைக் கண்ட பிறகே அந்தத் தேடல் வலுப்பெற்றது.

தோண்டுவதும் காப்பதும்

சிமென்ட் உற்பத்தியில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் பாதிக்கும் மேல் எரிபொருளால் வருவதன்று. சுண்ணாம்புக்கல்லே சிதைந்து வெளியிடுவது. கிரெட்டேசியக் கடலின் சிப்பிகள் ஓட்டுக்குள் பூட்டிவைத்த கார்பன் சூளையில் சில மணி நேரத்தில் காற்றுக்குத் திரும்புகிறது. பழைய சுண்ணாம்புப் பூச்சு அதில் பெரும்பங்கைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டது. சிமென்ட் கான்கிரீட்டில் அந்த மீட்பு அதைவிடக் குறைவு.

சுண்ணாம்புக்கல் உருவாகும் வேலை இன்றும் நிற்கவில்லை. மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் உள்ள 21 தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டுகள் வளர்கின்றன. கல்லக்குடியில் கல்லாகிக் கிடப்பதும் இங்கே உயிரோடு வளர்வதும் ஒரே வகைப் பணி. அந்தப் பவளத்தையும் பல ஆண்டுகள் வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் அனுப்பினர். அலையைத் தடுத்த திட்டுகள் போனதால், பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் மூழ்கின. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளங்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் தரப்பட்டது.

அரியலூர்ப் படிவுகளுக்கு அத்தகைய முழுமையான காப்பு இல்லை. சுரங்கம் தோண்டுவதால்தான் புதிய படிவுகள் வெளிப்பட்டு ஆய்வாளர் கண்ணில் படுகின்றன என்பது உண்மை. கல்லக்குடியின் பவளப் படிவைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி ஆலைச் சுரங்கத்தின் சுவர்களைப் பார்த்துக் கிடைத்ததே. அதே சுரங்கம் மறுநாள் அந்தச் சுவரையும் அதிலுள்ள எச்சங்களையும் சூளைக்கு அனுப்பிவிடுகிறது என்பதும் உண்மை. வாரணவாசியில் அரசு அமைத்துள்ள புதைபடிவ அருங்காட்சியகமும், சாத்தனூர்க் கல்மரப் பூங்காவும் இந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்கின்றன. கல் தீர்ந்த சுரங்கங்களை மூடுமுன், ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு படிவுச் சுவரையாவது அப்படியே விட்டுவைப்பது அறிவியலுக்கும் மாவட்டத்துக்கும் செய்யக்கூடிய குறைந்தபட்சக் கடமை. ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளில் படிந்த கல் இது; இப்போதைய வேகத்தில் வெட்டினால் மனிதரின் சில தலைமுறைகளுக்குக்கூடத் தாங்காது.